புறப்படுமுன் வண்டியின் முகத்தைப் பாருங்கள்

ஆகஸ்ட் மாதம் பிறந்தவுடன் திருவான்மியூர், அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளிலுள்ள நம் குடும்பங்களில் வேளாங்கண்ணிப் பேச்சு தொடங்கிவிடுகிறது. 29-ஆம் நாள் அங்கே கொடியேற்றம். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. இடைப்பட்ட நாட்களில் ஒருமுறை சென்று வருவது பல இல்லங்களில் பாட்டனார் காலத்து நேர்ச்சை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொள்கின்றன. புளிச்சோற்றுப் பொட்டலங்கள், பாய், போர்வை, செபமாலை, நேர்ச்சை மெழுகுவர்த்தி எல்லாம் ஏறுகின்றன. பங்குத் தந்தை வந்து செபம் சொல்லி, வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கிறார். ஓட்டுநர் டயர்களைத் தட்டிப் பார்க்கிறார். டீசல் நிரப்பியாயிற்றா என்று பெரியவர் ஒருவர் வினவுகிறார். முன்புறக் கம்பி அழிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர் மட்டும் அரிது.

அங்கே இருப்பதுதான் ரேடியேட்டர். இயந்திரத்தின் உயிரைக் காப்பது அதுவே.

இயந்திரத்தின் உருளைக்குள் எரிபொருள் வெடித்து எரியும் கணத்தில் வாயுவின் வெப்பம் 2,000 பாகை செல்சியசையும் கடக்கிறது. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். அத்தகைய உலோகத்தால் ஆன தலைப்பகுதி உருகாமல் நிற்பதற்குக் காரணம், அதைச் சுற்றி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் நீரே. நாம் காசு கொடுத்து ஊற்றும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்தைச் சுழற்றாமல் வெறும் வெப்பமாக இந்த நீரில் சேர்கிறது. அந்த வெப்பத்தை ஏந்தி வரும் நீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது, முன்னிருந்து வீசும் காற்று அதைக் கவர்ந்து செல்கிறது. குளிர்ந்த நீர் மீண்டும் இயந்திரத்துக்குத் திரும்புகிறது.

முற்கால மோட்டார் வண்டிகளில் இந்த ஏற்பாடு செம்மையாக அமையவில்லை. நீர் கொதித்து ஆவியாகிப் போக, வழியெங்கும் ஊற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. 1900-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தில் பணியாற்றிய வில்ஹெல்ம் மேபாக், தேனடை போன்ற ஒரு ரேடியேட்டரை முதல் மெர்சிடிஸ் காருக்கென அமைத்தார். ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள 8,070 சிறு குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்த வேலை அது. அதனால் வண்டிக்கு வேண்டிய நீர் ஒன்பது லிட்டராகக் குறைந்தது. இன்றைய ரேடியேட்டர்கள் வேறு அமைப்புடையவை. ஆயினும் காற்று புகுவதற்குச் சின்னஞ்சிறு கண்கள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும் என்னும் தத்துவம் மாறவில்லை. இப்போதைய ரேடியேட்டரில் குழாய்களுக்கிடையே மடித்து வைத்த அலுமினியத் தகடுகளின் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டரே. அவ்வளவு நுண்ணிய வழியை அடைக்க ஒரு தட்டான்பூச்சியின் இறகு போதும்.

இனி, நம் ஊர்ச் சாலையைப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலை திருவான்மியூரில்தான் தொடங்குகிறது. மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று கரையை ஒட்டியும் விலகியும் சென்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்தால்தான் அன்னையின் பேராலயம். இவ்வழியில் வண்டியின் முகத்தில் வந்து அறைவன பலவகை. முதலில் கடற்கரை மணலும் உப்பீரமும். அடுத்துச் சவுக்குத் தோப்புகளிலிருந்து பறந்து வரும் ஊசிச் சருகுகள். பணி நடக்கும் இடங்களில் மண்தூசி. எங்கும் நிறைந்த பிளாஸ்டிக் பை. அது ஒன்றே அழியில் ஒட்டிக்கொண்டால் ரேடியேட்டரில் கால் பங்கை மூடிவிடும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல். இரவெல்லாம் விளக்கொளியை நாடி வரும் பூச்சிகள். சிதம்பரத்துக்குத் தெற்கே காவிரிப் பாசனப் பகுதியில் நுழைந்தால் நெல் பதர். அறுவடை நாட்களில் களத்துமேடு போதாமல் சாலையிலேயே நெல்லைக் காய வைக்கும் வழக்கம் அங்கு உண்டு. முன்னே செல்லும் பேருந்து கிளப்பிவிடும் பதரும் தூசும் பின்னே வரும் வண்டியின் வாய்க்குள் போகின்றன. அப்பகுதியில் அறுவடை இயந்திரம் ஓட்டுவோர் வேலைக்கு நடுவே நிறுத்தி, ரேடியேட்டரை ஊதித் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குவது இதனாலேயே.

இவையெல்லாம் தாமாக வந்து சேருபவை. நாமே கொண்டு வந்து சேர்ப்பதும் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாகவும் இருக்கலாம். வேளாங்கண்ணிக்குச் செல்லும் வேன்களில் பலவற்றின் முன்புறத்தில் அன்னையின் படமும் பங்கின் பெயரும் அச்சிட்ட அகன்ற பதாகையை இழுத்துக் கட்டுகிறோம். அதன்மேல் கதம்ப மாலை வேறு. பக்தி மிகுதியால் செய்வதே, குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பதாகை கட்டப்படுவது பெரும்பாலும் காற்று புகும் வாயின்மேல். மூக்கையும் வாயையும் துணியால் மூடிவிட்டு ஒருவனை ஓடச் சொல்வது போன்றது இது. பதாகையை வண்டியின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ கட்டினால் அன்னையின் மகிமைக்கு ஒரு குறைவும் வராது. மாலையைப் புறப்பாட்டுச் செபம் முடிந்ததும் கழற்றி உள்ளே படத்துக்குச் சாத்தலாம். உதிரும் இதழ்கள் காற்றோடு உள்ளே இழுக்கப்பட்டு, தகடுகளின்மேல் காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன.

நடைப்பயணக் குழுக்களோடு செல்லும் வண்டிகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். காவி உடுத்தி, செபமாலை சொல்லிக்கொண்டு நடக்கும் பக்தர்களின் பின்னால், தண்ணீரும் உணவும் ஏற்றிய வண்டி முதல் கியரில் ஊர்ந்து வருகிறது. வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று தானே கிடைக்கும். ஊர்ந்து செல்லும் வண்டிக்கு விசிறி ஒன்றே கதி. இந்நிலையில் ரேடியேட்டர் பாதி அடைபட்டிருந்தால், நெடுஞ்சாலையில் ஒரு தொல்லையும் தராத அதே வண்டி, நடைவேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கொதித்துவிடக்கூடும். முற்பகல் வெயிலில் பின்தொடர்வதைத் தவிர்த்து, வண்டியை நாலைந்து கிலோமீட்டர் முன்னே அனுப்பி நிழலில் நிறுத்தி வைப்பது நல்லது. இரவிலோ, பக்தர்களுக்குப் பின்னால் விளக்கெரியும் வண்டி வேண்டும். அப்போது காற்றும் குளிர்ந்திருக்கும்.

சரி, காப்பது எவ்வாறு? கம்பி வலை கட்டுவது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் எந்த வலை என்பதில் பலர் தவறுகின்றனர். சன்னலுக்கு அடிக்கும் கொசுவலையைக் கட்டினால் பூச்சி வராதுதான். காற்றும் சரிவர வராது. அந்த வலையே சில மணி நேரத்தில் அடைபட்டும் போகும். சருகையும் பையையும் பெரிய பூச்சிகளையும் தடுக்குமளவு சற்றே கண் அகன்ற மெல்லிய கம்பி வலை ஏற்றது. எளிதில் கழற்றித் தட்டும்படி அதைக் கட்ட வேண்டும். தேநீருக்கு நிறுத்தும் இடங்களில் கழற்றி உதறி மாட்ட இரண்டு நிமிடம் போதும். வலை கட்டியபின் வெப்பமுள் வழக்கத்தைவிட உயர்ந்து நின்றால், வலையை எடுத்துவிடுவதே சரி.

துடைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. குப்பை முன்னிருந்து புகுந்தது. ஆகவே அதைப் பின்னிருந்து, அதாவது இயந்திரத்தின் பக்கத்திலிருந்து, முன்னோக்கி வெளியேற்ற வேண்டும். முன்னிருந்து தண்ணீரைப் பாய்ச்சினால் அழுக்கு மேலும் ஆழத்தில் போய் இறுகும். வண்டி கழுவும் கடைகளில் பயன்படுத்தும் வேகமான நீர்ப்பீச்சு, வெண்ணெயில் கத்தி பட்டதுபோல் அந்த மெல்லிய தகடுகளைச் சாய்த்துவிடும்; சாய்ந்த தகடும் அடைபட்ட தகடும் ஒன்றே. தோட்டக் குழாயின் மென்மையான நீரும், மயிர்த் தூரிகையும் போதும். இயந்திரம் முற்றும் ஆறியபின்னரே இதைச் செய்ய வேண்டும். மின்விசிறி உள்ள வண்டிகளில் இயந்திரம் நின்றபின்னும் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். எனவே பாட்டரியின் இணைப்பைக் கழற்றாமல் அதனருகே விரல் வைக்கலாகாது. குளிர்சாதனம் பொருத்திய வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் அதைப் போலவே மற்றொரு தட்டு இருக்கும். முன்னின்று பார்ப்பவருக்கு அத்தட்டுத்தான் தெரியும். அது தூய்மையாயிருக்க, இரண்டுக்கும் நடுவே பஞ்சும் சருகும் மெத்தைபோல் படிந்திருப்பதுண்டு. பழகிய மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்துச் சொல்வார்.

வெளிக் குப்பை பற்றியே இதுவரை சொன்னோம். உட்குப்பை இன்னும் பொல்லாதது. கடலோரமாகிய நம் பகுதியில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல வீடுகளில் உப்பும் கடினமும் கொண்டது. அதைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படிவதை நம் இல்லத்தரசிகள் அறிவர். அதே படிவு ரேடியேட்டரின் குழாய்களுக்குள்ளும் ஏறுகிறது. உப்போ அலுமினியத்தை அரிக்கிறது. ஆகவே கிணற்று நீரை ஊற்றாமல், பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையும் உரிய கூலன்ட் திரவத்தையும் வண்டிக்குரிய அளவில் கலந்து ஊற்ற வேண்டும். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு, சுவையோ இனிப்பு. குழந்தைகள் கைக்கும் நாய், பூனை வாய்க்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பழைய குடிநீர்ப் புட்டியில் அதை ஊற்றி வைப்பது மாபெரும் அபாயம்.

ஒழுகும் ரேடியேட்டரில் ஒரு பிடி மஞ்சள் தூளைக் கொட்டிச் சமாளிக்கும் கைவைத்தியமும் ஓட்டுநர்களிடையே உண்டு. நட்டநடு வழியில் வேறு கதியில்லாதபோது ஊர் வந்து சேர அது உதவலாம். ஆனால் துளையை அடைத்த மஞ்சள், குழாயை மட்டும் விட்டுவைக்குமா? ஊர் திரும்பியதும் முழுவதும் கழுவிச் செப்பனிடாவிட்டால் அடுத்த பயணத்தில் விலை கொடுக்க நேரும்.

இதே சாலையில் கல்பாக்கத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லலாம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையம் 1984 முதல் மின்சாரம் வழங்குகிறது. அதன் குளிர்விப்புக்கு வேண்டிய கடல்நீர், கடலடியில் குடைந்த 468 மீட்டர் நீளமுள்ள சுரங்க வழியாக வருகிறது. அங்கும் இதே போராட்டந்தான். மீனவர் சொறி என்று அழைக்கும் ஜெல்லி மீன்கள் சில பருவங்களில் கூட்டங்கூட்டமாக வந்து வலைத்திரைகளை மூடுகின்றன. பச்சை மட்டிகள் சுவரில் ஒட்டி வளர்கின்றன. சுழலும் திரைகளும் குளோரினும் கொண்டு பொறியாளர்கள் இடைவிடாமல் அவற்றை விலக்குகின்றனர்.

இவ்வளவு பார்த்தும் வழியில் வெப்பமுள் சிவப்பை நோக்கி ஏறினால், அப்போது வேண்டியது பொறுமை. இங்குதான் பயணிகளாகிய நம் பங்கு பெரிது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்ட விரும்புவார். “மாலைத் திருப்பலி தவறிவிடும், இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, மெல்லப் போங்கள் தம்பி” என்று உள்ளிருந்து ஒரு குரல் எழும். அந்தப் பத்து கிலோமீட்டரில் இயந்திரத்தின் தலைப்பகுதி வளைந்து கேஸ்கட் வெடித்துவிட்டால், செலவு பல்லாயிரம். அந்த வேன் பெரும்பாலும் கடனில் வாங்கியது; அவருடைய குடும்பத்துக்கு அதுவே சோறு. நம் அவசரத்தின் விலையை வேறொரு வீட்டார் தவணையாகக் கட்டுவது எந்த நேர்ச்சையிலும் சேராது.

முள் ஏறியதும் குளிர்சாதனத்தை நிறுத்தி, வண்டியைச் சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்த வேண்டும். ஆவி வந்தால் இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். பயணிகள் சாலைப் பக்கம் இறங்காமல் மறுபக்கம் இறங்கி, வண்டியிலிருந்து விலகி நிற்க வேண்டும். ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. அம்மூடி நம் சமையலறைப் பிரஷர் குக்கரின் குண்டு போன்றது. சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 இராத்தல் அழுத்தத்தில் உள்ளிருக்கும் நீர் 120 பாகையிலும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி அகன்ற கணத்தில் அது முழுவதும் பொங்கி முகத்திலும் மார்பிலும் பாயும். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கியவுடன் வலிந்து திறக்கும் தாய் ஒருவரும் இல்லை. ஆனால் சாலையோரத்தில் இதைச் செய்து வெந்துபோகும் ஆடவர் உண்டு. மேற்குழாயைத் தொட்டால் கை பொறுக்குமளவு ஆறும்வரை, அரைமணியோ அதற்கு மேலோ, காத்திருப்பதே வழி. அதன்பின் தடித்த துணியை வைத்து மூடியைச் சிறிது தளர்த்தி, ஆவி முழுவதும் போனபின் திறக்கலாம். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் காணக்கூடும்.

எவரேனும் வெந்துவிட்டால், ஓடும் குழாய் நீரில் இருபது நிமிடம் அவ்விடத்தைக் காட்ட வேண்டும். குழாய் இல்லாவிடில் குடிநீர்ப் புட்டிகளைச் சிறிது சிறிதாக ஊற்றலாம். பற்பசை, மை, எண்ணெய், மாவு எதையும் பூசலாகாது. முகமோ கண்ணோ வெந்திருந்தால் தாமதமின்றி 108-க்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

பயணம் முடிந்து திருவான்மியூருக்குத் திரும்பியபின் பெரும்பாலோர் வண்டியின் உட்புறத்தைப் பெருக்குவதோடு நின்றுவிடுகின்றனர். முகத்தில் ஒட்டிய பூச்சிகள் இரண்டொரு நாளில் காய்ந்து பசைபோல் இறுகிவிடும். ஈரச் சாக்கை அழியின்மேல் அரைமணி நேரம் போர்த்தி வைத்தால் அவை ஊறிக் கழன்றுவிடும். பின்பு, முன்சொன்னவாறு உள்ளிருந்து வெளியே நல்ல நீரைவிட்டு உப்பையும் மணலையும் கழுவலாம். அமர்த்திய வண்டியானால், இறங்கும்போது பெரியவர்கள் ஓட்டுநரிடம் இதை நினைவூட்டிவிட்டுக் கூலியோடு ஒரு புட்டி கூலன்டுக்கான காசையும் சேர்த்துக் கொடுக்கலாம்.