புது வீட்டில் முதற் கோழிகள்

தமிழகத்தினின்றும் வந்து தில்லியில் குடியேறிய குடும்பங்களுள் சிலவற்றிற்குத் தரைத்தள வீடும் பின்புறத்தே சிறு முற்றமும் வாய்த்துள்ளன. அத்தகைய வீட்டுக் குழந்தைகள் கோழி வளர்க்க விரும்புதல் இயல்பே. ஆயினும், ஊரில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழி வளர்த்த பழக்கம் மட்டும் இங்கே போதாது. ஊர்க்கோழி அங்கேயே பொரித்து, தாயின் பின்னே திரிந்து, வீட்டையும் வழியையும் தானே கற்றது. விலைக்கு வாங்கி வந்த கோழியோ இரண்டையும் அறியாது. எனவே, அதற்கு வீட்டைக் கற்பிப்பதே நமது முதற்கடமை.

வாங்கும் முன்னர், குடியிருப்பின் விதிகள் இடந்தருகின்றனவா என்று கேட்டறிக. அண்டை வீட்டாரிடமும் சொல்லிவிடுக. கோழி கூட்டமாக வாழும் இனம். ஒன்று தனித்திருப்பின் வாடும். நான்கு மாதம் நிரம்பிய விடைக்கோழிகள் மூன்று போதும். சேவலின்றியே பெட்டைகள் முட்டையிடும். அம்முட்டை குஞ்சு பொரிக்காது என்பதே வேறுபாடு. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கேத் நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. ஆதலின், ஊசி போடப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டு, அடுத்த தவணையைக் கால்நடை மருத்துவரிடம் அறிந்துகொள்க.

கோழிகளை அந்திப்பொழுதில் கொண்டுவருதல் நலம். இருட்டில் அவற்றிற்குக் கண் தெளிவாகத் தெரியாது, ஆகவே அடங்கியிருக்கும். கூட்டினுள் குறுக்குக்கழியின்மேல் மெல்ல அமர்த்திவிடலாம். பின்னர் ஒரு வாரம் கூட்டையும் அதனை ஒட்டிய வலைத்தடுப்பையும் விட்டு வெளியே விடலாகாது. எங்கே உறங்குகிறதோ அதனையே கோழி வீடெனக் கொள்ளும். முதல் இரண்டு நாள் இரை குறைவாக உண்ணலாம். தமக்குள் கொத்தி முறைமை வகுத்துக்கொள்ளவும் கூடும். குருதி வந்தாலன்றி நாம் தலையிட வேண்டுவதில்லை. குழந்தைகள் தூக்கி விளையாடாமல், அருகமர்ந்து தானியம் இடுக. இரைத்தகரத்தைத் தட்டி ஒலியெழுப்பிய பின்னரே இரையிட்டால், அவ்வொலியே அழைப்பாகும். எட்டாம் நாள், கதிரவன் மறைவதற்கு ஒரு மணி முன்னதாகத் திறந்துவிடுக. பசியும் இருளும் அவற்றைத் தாமே கூட்டிற்கு அழைத்துவரும்.

முட்டையிடும் கோழி ஒன்றிற்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் வேண்டும். வீட்டுக் குருணையும் சோறும் மட்டுமே இடின் சத்துப் போதாது. முட்டைத்தீவனத்துடன் கிளிஞ்சல்தூளும் கீரையும் கொடுத்து, புழுதியில் குளிக்க உலர்ந்த மண்ணும் வைத்திடுக. பூனைக்கும் கீரிக்கும் அஞ்சி, இரவில் கூட்டைத் தவறாது தாழிடுக.

இனி, தில்லியின் தட்பவெப்பம். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வை இல்லை. மே, சூன் மாதங்களில் காற்றே அவ்வளவு சூடாகும்போது, வாயைத் திறந்து இரைத்தும் அதன் உடல் தணியாது. நிழலும், மண்பானைக் குளிர்நீரும், வெப்பக்காற்று வரும் பக்கத்தில் நனைத்துத் தொங்கவிட்ட கோணியும் அதன் உயிர் காக்கும். குளிர்காலத்தில் நேர்க்காற்றை மட்டும் தடுத்து, மேற்புறத்தே காற்று உலவ இடம் விடுக. கரியடுப்பை மூடிய கூட்டினுள் வைத்தல் அறவே கூடாது. அதன் நச்சுப்புகை கோழிகளைக் கொன்றுவிடும்.

டிசம்பரில் முட்டை குறைந்தால் நோயென்று கலங்கற்க. முட்டையிடுதல் பகலொளியின் நீளத்தைப் பொறுத்தது. சென்னையில் அப்போது பகற்பொழுது 11 மணி நேரத்திற்கு மேலிருக்க, தில்லியில் 10 மணி நேரத்தைச் சற்றே கடக்கும். நாள் நீள, முட்டையும் பெருகும்.

இறுதியாக, பெரியோர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது ஒன்றுண்டு. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் முட்டை வெகுவாகக் குறையும். கோழியோ மேலும் சில ஆண்டுகள் வாழக்கூடும். குழந்தை பெயரிட்டு வளர்த்த கோழியை அன்று என் செய்வது? இவ்வினாவிற்கு விடை கண்ட பின்னரே கூடு கட்டுக. முதுமையிலும் அதற்கு ஒரு பிடி தானியம் இட மனமிருப்பின், கோழிகள் அவ்வீட்டிற்கு நல்வரவாகும்.