கிளாஸ்ஹியூட்டே கடிகாரத் தொழில்

கிளாஸ்ஹியூட்டே கடிகாரத் தொழில் என்பது ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டன் நகருக்குத் தெற்கே எர்ஸ் மலைப்பகுதியில் உள்ள கிளாஸ்ஹியூட்டே என்னும் சிறு நகரில் 1845 முதல் வளர்ந்துவந்த நுண் பொறிமுறைக் கடிகாரத் தயாரிப்பு மரபு ஆகும். மின்கலம் இன்றி, முறுக்கப்பட்ட சுருள்வில்லின் விசையால் இயங்கும் கைக்கடிகாரங்களும் சட்டைப்பைக் கடிகாரங்களும் இம்மரபின் சிறப்புப் படைப்புகளாகும்.

தோற்றம்

முற்காலத்தில் இப்பகுதி மக்கள் வெள்ளிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்தனர். தாது வளம் குன்றியபின் நகரில் வறுமை சூழ்ந்தது. டிரெஸ்டனில் பிறந்த பெர்டினான்ட் அடோல்ப் லாங்கே (1815–1875), அரசவைக் கடிகாரக் கலைஞர் குட்கேசிடம் தொழில் கற்றவர். பின்னர் பாரிசிலும் பயின்றவர். இவர் சாக்சனி அரசிடம் கடன் பெற்று, 1845 டிசம்பர் 7 அன்று 15 பயிற்சியாளர்களுடன் இந்நகரில் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்.

பயிற்சி பெற்றவர்கள் திருகாணி, பற்சக்கரம், முள் என ஒவ்வொரு பாகத்திலும் தனித்திறன் பெற்றுத் தனிப் பட்டறைகளை அமைப்பதை லாங்கே ஊக்குவித்தார். இதனால் நகரம் முழுவதுமே ஒரு தொழிற்சாலை போல ஆனது. கடிகாரத் துறையில் வழங்கிய பழைய பாரிசு அளவைகளுக்கு மாற்றாக மீட்டர் அளவை முறையையும் அவர் கையாண்டார். 18 ஆண்டுகள் நகரத் தலைவராகவும் பணியாற்றினார். மோரிட்ஸ் கிராஸ்மான் 1878இல் ஜெர்மன் கடிகாரப் பள்ளியை இங்கு நிறுவினார்.

இயங்கும் முறை

முறுக்கப்பட்ட முதன்மைச் சுருள்வில்லின் ஆற்றல் பற்சக்கரத் தொடர் வழியே கடத்தப்படுகிறது. அந்த ஆற்றல் ஒரே வீச்சில் வெளியேறிவிடாமல் சிறு சிறு பகுதிகளாக விடுவிக்கும் அமைப்பு விடுவிப்பான் எனப்படும். மயிரிழை போன்ற மெல்லிய சுருள்வில்லுடன் இணைந்து முன்னும் பின்னும் அலையும் சமநிலைச் சக்கரம் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கடிகாரத்தின் துல்லியம் பெரிதும் இச்சக்கரத்தின் சீரான அலைவைப் பொறுத்தது.

தனிக்கூறுகள்

* முக்கால் தகடு: பொதுவாகச் சக்கர அச்சுகளின் மேல்முனைகளைத் தனித்தனிப் பாலங்கள் தாங்கும். இவற்றில் பலவற்றுக்கு மாற்றாக, இயக்கப்பொறியின் ஏறத்தாழ முக்கால் பங்கை மூடும் ஒரே தகட்டை லாங்கே 1864இல் முழு வடிவுக்குக் கொண்டுவந்தார். இதனால் அச்சுகள் இடம் பெயராமல் உறுதியாக நிற்கின்றன. ஆனால் தகட்டைப் பொருத்தும்போது எல்லா அச்சு முனைகளும் ஒரே நேரத்தில் தத்தம் துளைகளில் அமர வேண்டும் என்பதால் கைத்திறனும் பொறுமையும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன.
* ஜெர்மன் வெள்ளி: செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவை, பெயரில் உள்ள வெள்ளி இதில் இல்லை. பூச்சின்றிப் பயன்படுத்தப்படும்போது விரல்ரேகைகூட இதில் கறையாகப் படியும். காலப்போக்கில் இளமஞ்சள் சாயல் பெறும்.
* பொன் வளையங்கள்: அச்சுமுனைகளைத் தாங்கும் மாணிக்கக் கற்கள், திருகாணிகளால் பிணைக்கப்பட்ட பொன் வளையங்களில் பதிக்கப்படுகின்றன. தற்காலத்தில் கற்களை நேரடியாகத் தகட்டில் அழுத்திப் பொருத்த இயலும். எனினும் மரபு கருதி இம்முறை பேணப்படுகிறது.
* நீலத் திருகாணிகள்: எஃகுத் திருகாணிகளை ஏறத்தாழ 300 பாகை செல்சியசு வரை சூடாக்கும்போது மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடுப் படலமே இந்நிறத்தைத் தருகிறது. இது சாயம் அன்று.
* பறக்கும் சுழற்கூண்டு: புவியீர்ப்பால் விளையும் நேரப்பிழையைச் சமன்செய்ய, விடுவிப்பானையும் சமநிலைச் சக்கரத்தையும் சுழலும் கூண்டுக்குள் வைக்கும் முறைக்கு பிரெகே 1801இல் காப்புரிமை பெற்றார். கடிகாரப் பள்ளி ஆசிரியர் ஆல்பிரட் எல்விக், மேற்பாலம் இன்றி அடியில் மட்டுமே தாங்கப்படும் கூண்டை 1920இல் உருவாக்கினார்.

அழிவும் மீட்சியும்

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 மே 8 அன்று நிகழ்ந்த குண்டுவீச்சில் லாங்கே நிறுவனத்தின் முதன்மைக் கட்டடம் அழிந்தது. 1948இல் அந்நிறுவனம் பறிமுதல் செய்யப்பட்டது. நகரின் நிறுவனங்கள் 1951இல் ஒரே அரசு நிறுவனமாக இணைக்கப்பட்டன. லாங்கே பெயர் கடிகாரங்களிலிருந்து மறைந்தாலும், அரசு நிறுவனம் கடிகாரத் தயாரிப்பைத் தொடர்ந்ததால் கைத்திறன் நகரில் அற்றுப்போகவில்லை.

ஜெர்மனி ஒன்றிணைந்தபின், நிறுவனரின் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே 1990 டிசம்பர் 7 அன்று, முதல் பட்டறை தொடங்கி சரியாக 145 ஆண்டுகள் கழித்து, நிறுவனத்தை மீண்டும் பதிவு செய்தார். புதிய கடிகாரங்கள் 1994 அக்டோபர் 24 அன்று டிரெஸ்டன் அரண்மனையில் வெளியிடப்பட்டன. அவற்றுள் ஒன்றான லாங்கே 1 கடிகாரத்தின் பெரிய தேதிச் சாளரங்கள், டிரெஸ்டன் இசைநாடக அரங்கிற்காகக் குட்கேசு அமைத்த ஐந்து நிமிடக் கடிகாரத்தை நினைவூட்டுவன. பழைய அரசு நிறுவனம் தனியார்மயமாகி கிளாஸ்ஹியூட்டே ஒரிஜினல் என்னும் பெயரைப் பெற்றது. நோமோஸ் நிறுவனமும் 1990களில் இங்கு வளர்ந்தது.

பெயர் உரிமை

வேறிடத்தில் செய்த பொறியில் நகரின் பெயரைப் பொறித்து விற்றால், உள்ளூர்க் கைவினைஞரின் உழைப்பு மதிப்பிழக்கும். இதனால் கடிகாரத்தின் இயக்கப்பொறி தொடர்பான மதிப்புக் கூட்டலில் 50 விழுக்காடாவது நகரில் நிகழ வேண்டும் என்பது நீண்டகால வழக்கமாக இருந்தது. 2022இல் ஜெர்மனி இதற்குத் தனி ஆணை வழியே சட்டப் பாதுகாப்பு வழங்கியது. இத்தகைய பாதுகாப்பை முன்னர் 1938இல் பெற்றது, கத்திகளுக்குப் பெயர்பெற்ற சோலிங்கன் நகரமாகும்.

பழைய கடிகாரப் பள்ளிக் கட்டடத்தில் 2008இல் ஜெர்மன் கடிகார அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.