அந்நிய உறுப்பும் சரீரத்தின் காவலும்

அழிவின் காரணம்

ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று தைத்து இணைக்கும் சாமர்த்தியத்தை அலெக்ஸிஸ் காரெல் என்ற பிரெஞ்சு வைத்தியர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்துக் கொடுத்துவிட்ட போதிலும், ஒருவருடைய அவயவம் மற்றொருவரிடம் நிலைக்காமல் அழிந்துபோவதன் காரணம் நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, கிளாஸ்கோ நகரில் தீப்புண்பட்ட ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரனின் தோலை ஒட்டிய கிப்ஸன் என்ற வைத்தியரும் மெடவார் என்ற விஞ்ஞானியும், இரண்டாம் முறை ஒட்டிய தோல் முதல் முறையினும் விரைவாக அழிவதைக் கண்டு, கிருமிகளை நினைவில் இருத்தி எதிர்க்கும் அதே சக்தியின் செயலே இது என்று 1943இல் எழுதினார்கள். ஆகவே அந்நிய உறுப்பைச் சரீரம் அழிக்கும் இந்த நிராகரிப்பு ஒரு வியாதியன்று. சரீரம் தன் கடமையைச் செய்வதே ஆகும்.

இரட்டையரின் சாட்சியம்

1954 டிசம்பர் 23ஆம் தேதி, பாஸ்டனில் ஜோஸப் மர்ரே என்ற வைத்தியர் ஓர் இளைஞருக்கு அவருடைய ஒத்த இரட்டைச் சகோதரரின் சிறுநீரகத்தைப் பொருத்தினார். ஒருவர் தோல் மற்றவரிடம் ஒட்டி நிற்கிறதா என்று முன்னதாகவே சோதித்திருந்தார்கள். ஒத்த இரட்டையரின் உறுப்பைச் சரீரம் அந்நியமாகக் கொள்ளாததால், நோயாளி எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

பொருத்தமும் எதிர்ப்பொருளும்

இரட்டையர் அல்லாதார்க்கு என்ன வழி? ழான் டோஸே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1958இல் விவரித்த, ரத்த வெள்ளணுக்களின் மேலுள்ள அடையாளக் குறியே, எச்.எல்.ஏ. என்று இன்று வழங்கும் திசு அடையாளங்களை அறிவதற்கு வாயிலாயிற்று. ஆறாவது குரோமோசோமில் அமைந்த இவற்றைத் தந்தையிடமிருந்து ஒரு பாதியும் தாயிடமிருந்து ஒரு பாதியுமாகப் பெறுவதால், உடன்பிறந்தார் இருவர் முற்றிலும் ஒத்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. ஆயினும் இவ்வொற்றுமையைக் காட்டிலும் அவசரமாக அறியவேண்டியது, பெறுபவரின் ரத்தத்தில், கொடுப்பவரின் அடையாளங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் முன்பே உண்டாகியிருக்கிறதா என்பதே. முன்னர் ஏற்றிய ரத்தமும், முந்திய உறுப்பு மாற்றமும், கர்ப்பமுங்கூட அதனை உண்டாக்கும். கணவனின் அடையாளங்களைக் கருவின் வழியே சந்தித்த மனைவிக்கு, அவன் மனமுவந்து தரும் சிறுநீரகமே ஒவ்வாமற் போகலாம். இதற்காகவே கொடுப்பவரின் அணுக்களைப் பெறுபவரின் சீரத்தோடு (அணுக்கள் நீங்கிய ரத்த நீரோடு) கலந்து பார்க்கும் ‘கிராஸ் மேட்ச்’ பரிசோதனை நடைபெறுகிறது. இதன் அவசியத்தைப் படேல், தெரஸாகி என்ற ஆராய்ச்சியாளர்கள் 1969இல் ஐயந்திரிபற நிறுவினார்கள்.

மருந்து

நார்வே தேசத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பிறந்த சைக்ளோஸ்போரின் என்ற, சரீரத்தின் எதிர்ப்பை அடக்கும் மருந்து, 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பின்னர், பொருத்தம் குறைந்தவர்க்கும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் இத்தகைய மருந்துகள் காவலை அடக்குகின்றனவேயன்றி அகற்றுவதில்லை; அடக்கிய அளவுக்குத் தொற்றுநோய்களும் எளிதில் அணுகும். எதிர்ப்பொருள் முன்பே உண்டாகியிருக்கலாம் ஆதலின், உறுப்பு மாற்றத்துக்குக் காத்திருப்போர், முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டதையும் கருவுற்றதையும், கருச்சிதைவு உட்பட, மறைக்காமல் வைத்தியரிடம் கூறவேண்டும். காவல் அடங்கியிருக்கிறதேயன்றி அகலவில்லை ஆதலின், சிகிச்சை முடிந்தோர், உடம்பு எவ்வளவு சௌக்கியமாகத் தோன்றினாலும், வைத்தியரைக் கேளாமல் ஒரு வேளை மாத்திரையையும் நிறுத்தலாகாது.