நடுக்கடலில் பணிமனை ஏது?

கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறி இறங்கும் பேருந்தின் பிரேக் தேய்ந்தால் பணிமனையில் மாற்றிவிடலாம். நடுக்கடலில் செல்லும் பாய்மரப் படகுக்கு அவ்வசதி ஏது?

2017 செப்டம்பர் 10-இல் நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் அறுவர் 'தாரிணி' என்னும் படகில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டனர். நெடும்பயணத்தில் பாயை வெயில் நைக்கும். கயிற்றைக் கப்பி தேய்க்கும். உலோகத்தை உப்பு அரிக்கும். ஆகவே பிரிமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் ஆகிய துறைமுகங்கள் ஓய்விடங்கள் மட்டுமல்ல, பழுது பார்க்கும் இடங்களுமாகும். அயல்நாட்டில் வேண்டிய உறுப்பு கிடைக்காவிடில், அது வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சுக்கானை இயக்கும் கருவி பழுதுபடவே, திட்டத்தில் இல்லாத மொரீஷியசில் 2018 ஏப்ரலில் ஒதுங்கினர். சீர்செய்து மே 21-இல் கோவா திரும்பினர். துணிவுடன், தேய்ந்ததைக் காலத்தே கண்டு மாற்றும் விழிப்பும் வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.