"படிச்ச பசங்க" மிரட்டிய படம்!
அடையாறு மாணவர்களுக்குக் கை கொடுத்த விஜயகாந்த்

கடலோரத்தில் ஒரு உல்லாச விடுதி. ஆட்டம் பாட்டத்தோடு வரும் இளம்பெண்கள் திடீர் திடீரென்று மாயம்! மர்மம் என்ன? துப்பு துலக்கக் கிளம்புகிறார்கள் பத்திரிகை நிருபர்கள்.

1986 ஆகஸ்டு 15-ந் தேதி வெளியான "ஊமை விழிகள்" கதைதான் இது. எடுத்தது யார் தெரியுமா? சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த வாலிபர்கள்!

அங்கே மாணவராக இருந்தபோது ஆபாவாணன் எடுத்த "மர்டர் எக்கோ" என்ற குறும்படம்தான் பிள்ளையார் சுழி. கதை அவருடையது. டைரக்ஷன் அரவிந்தராஜ்.

ஏட்டுச் சுரைக்காயா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று சினிமாக்காரர்கள் யோசித்த காலம் அது. புதுப் பசங்களை நம்பி யார் வருவார்கள்?

வந்தார் விஜயகாந்த். வயது 34 கூட ஆகவில்லை. ஆனாலும் தலை நரைத்த போலீஸ் அதிகாரியாக நடித்தார். "காதலிக்க நேரமில்லை"யில் காதலனாகத் துள்ளிய ரவிச்சந்திரன், இதில் ஈவு இரக்கமற்ற வில்லன்! அதுவும் அகன்ற சினிமாஸ்கோப் திரையில்.

படம் சக்கைப்போடு போட்டது. "படிச்ச பசங்களுக்கும் படம் எடுக்கத் தெரியும்டா" என்று கோடம்பாக்கமே திரும்பிப் பார்த்தது.

திறந்த கதவு

அதே கல்லூரியில் படித்த ஆர்.கே.செல்வமணி, 1990-ல் "புலன் விசாரணை" மூலம் டைரக்டர் ஆனார். அதற்கும் கதாநாயகன் விஜயகாந்த்தான்!

2023 டிசம்பர் 28-ந் தேதி விஜயகாந்த் மறைந்தார். பசங்களுக்காக அவர் திறந்து விட்ட கதவு மட்டும் இன்னும் மூடவில்லை.