நாய் பழக்கும் நெறி

மனிதன் தன்னுடன் வாழப் பழக்கிய விலங்குகளுள் நாயே முதலாவது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. ஆடும் மாடும் கோழியும் அவன் வாயிலை அடையுமுன்னரே, ஓநாயின் வழித்தோன்றலாகிய இவ்விலங்கு அவனுக்கு வேட்டைத் துணையாகவும் இராக்காவலாகவும் அமைந்துவிட்டது. ஜேர்மனி நாட்டிலே பொன் நகரைச் சார்ந்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டிலே ஒரு புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓர் இளநாயுடன் ஒருங்கே அடக்கஞ் செய்யப்பட்டிருந்தனர். அதன் காலம் இற்றைக்கு ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. உழவுத் தொழில் தோன்றுமுன்னரே தொடங்கிய நட்பு இஃதாகும்.

இந்நட்பின் பெருமையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். மகாபாரதத்தின் இறுதியிலே, தன்னைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகுதற்குத் தருமன் உடன்படவில்லை. யானை போல்வார் நட்பினும் நாய் போல்வார் நட்பே கொள்ளத்தக்கது என்று நாலடியார் அறிவுறுத்துகின்றது. வைரவக் கடவுளுக்கு வாகனமும் நாயே. ஆயினும் அன்றாட வழக்கிலோ 'நாய்' என்பது வசைச்சொல்லாகிவிட்டது. இரவு பகலாகச் சங்கிலியிற் பிணித்தலும், கண்டவுடன் கல்லெறிதலும், தொல்லை தருமாயின் தொலைவான சந்தியொன்றிற் கொண்டுபோய் விட்டுவிடுதலும் நாம் காணாதன அல்ல. இவ்வாறு கைவிடப்படும் நாய்களுட் பல தம் குற்றத்தால் அன்றி, வளர்த்தோரது அறியாமையினாலேயே அந்நிலையை அடைகின்றன. அவ்வறியாமை நீங்கின் நாயும் உய்யும். அதனாற் கடியுண்ணும் சிறாரும் உய்வர். ஆதலின், நாயைப் பழக்கும் முறை பற்றி அறிவியல் கூறுவது யாதென ஈண்டு ஆராய்வாம்.

கற்றலின் விதிகள்

நாய் எவ்வாறு கற்கின்றது என்பதை அறியாது அதனைப் பழக்க முற்படுதல், நிலத்தின் தன்மை அறியாது விதைத்தலை ஒக்கும். உருசிய நாட்டு உடற்றொழிலியலறிஞர் இவான் பவ்லோவ் (1849–1936) சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நொபெல் பரிசு பெற்றவர். நாயின் உமிழ்நீர்ச் சுரப்பை ஆராய்ந்தபோது, உணவு வாயை அடையுமுன்னரே, அதனைக் கொணர்பவரைக் கண்ட அளவிலேயே உமிழ்நீர் சுரத்தலை அவர் கவனித்தார். பின்னர்த் தாளமானியின் ஓசையை எழுப்பி உடனே உணவளித்துவர, காலப்போக்கில் அவ்வோசை மாத்திரமே உமிழ்நீரைச் சுரப்பிக்கப் போதியதாயிற்று. இதனை நிபந்தனைத் தெறிவினை என்பர். சோற்றுப் பாத்திரத்தின் ஒலி கேட்டு நாய் ஓடிவருவதும், ஓங்கிய கையைக் கண்டு ஒடுங்குவதும் இவ்விதியின் பாற்பட்டனவே. அதன் உள்ளத்தில் ஒவ்வொரு பொருளும், ஒவ்வொரு மனிதனும், இன்பத்தோடோ துன்பத்தோடோ பிணைப்புண்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அமெரிக்க உளநூலறிஞர் தோண்டைக் 1898இல் வெளியிட்ட ஆராய்ச்சி இரண்டாவது விதியைத் தந்தது. பசித்த பூனைகளையும் நாய்களையும் புதிர்ப்பெட்டிகளில் அடைத்து வெளியே உணவை வைத்தார் அவர். முதலிற் பல்வேறு வீண் முயற்சிகள் செய்த விலங்கு, தற்செயலாகத் தாழைத் திறந்து வெளிவந்தது. மீண்டும் மீண்டும் அடைக்கப்பட்டபோது வீண் முயற்சிகள் குறைந்து, பயன்தந்த செயலே நிலைத்தது. இன்பம் பயக்கும் செயல் வலியுறும், பயவாச் செயல் நலிவுறும் என்னும் இவ்வுண்மை 'விளைவு விதி' எனப் பெயர் பெற்றது. ஸ்கின்னர் என்பார் 1938இல் எழுதிய நூலில் இதனை மேலும் விரித்து, நற்செயலைத் தொடர்ந்து பயன் கிடைக்கச் செய்தலை மீளவலியுறுத்தல் என்றார். விலங்குகளுக்குக் கற்பிக்கும் முறை பற்றி 1951இல் அவர் எழுதிய கட்டுரையொன்றிலே, சிறு ஒலிக்கருவியொன்றினால் நாயைப் பழக்கும் வழியைப் பொதுமக்களுக்கும் விளக்கினார். ஹவாயிலே தொல்பின்களைப் பழக்கிய கரன் பிரையர் என்னும் அம்மையார் 1984இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

பழக்கும் முறை

இவ்விதிகளிலிருந்து பழக்குவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் மூன்று பெறப்படுகின்றன. அவை உடன்மை, ஒருமை, படிமுறை என்பனவாம்.

உடன்மையாவது, செயல் நிகழ்ந்த ஓரிரு விநாடிக்குள் அதன் பயனை அளித்தல். நாய் உட்கார்ந்து எழுந்து வேறிடம் நோக்கிய பின் பாண் துண்டைக் கொடுப்போமாயின், வேறிடம் நோக்கியதற்கே பரிசு பெற்றதாக அது கருதும். மேலே கூறிய ஒலிக்கருவியின் பயன் இங்கேதான் விளங்கும். அதன் ஒலியைத் தொடர்ந்து எப்பொழுதும் உணவு வருமென்பதை முதலிற் பழக்கிவிட்டால், நற்செயல் நிகழும் கணத்திலேயே ஒலியால் 'நன்று' என அறிவித்துவிடலாம். உணவு சற்றுப் பின்னர் வரினும் பழுதில்லை. கருவி இல்லாதார் 'நல்லது' என்னும் ஒரு சொல்லையே அவ்வாறு பயன்படுத்தலாம்.

ஒருமையாவது, இல்லத்தார் அனைவரும் ஒரே சொல்லையும் ஒரே விதியையும் கையாளுதல். தந்தை 'இரு' என்றும், மகன் 'உட்கார்' என்றும், பாட்டி 'பேசாமற் கிட' என்றும் ஒரே செயலுக்கு ஏவினால் நாய் யாது செய்யும்? படலையைத் திறந்தவுடன் மேலே பாய்ந்து தாவும் நாயை எடுத்துக்கொள்வோம். தாவும்போது முகங்கொடாது திரும்பி நின்று, நான்கு கால்களும் நிலத்திற் படிந்தபின் தடவிக் கொடுத்தால் அப்பழக்கம் நாளடைவில் ஒழியும். தொடக்கத்தில் அது முன்னரினும் மிகுதியாகத் தாவும். அப்பொழுது மனந்தளர்தல் கூடாது. ஐவர் திரும்பி நிற்க, ஆறாமவர் சிரித்து அணைத்துக்கொள்வாராயின் அப்பழக்கம் முன்னரினும் வேரூன்றும். இடையிடையே கிட்டும் பயன், எப்பொழுதும் கிட்டும் பயனிலும் பழக்கத்தை நெடிது நிலைநிறுத்தும் என்பது ஸ்கின்னரும் அவர் வழிவந்தோரும் நிறுவிய உண்மை.

படிமுறையாவது, எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல். நாயை உட்காரப் பழக்குதற்கு அதன் முதுகை அழுத்த வேண்டுவதில்லை. பாற்கட்டித் துண்டொன்றை அதன் மூக்கிற்கு அண்மையிற் பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்தினால், தலை உயரப் பின்புறம் தானே தாழும். தாழ்ந்த கணத்திலே துண்டைக் கொடுக்க. பல முறை செய்து, செயல் உறுதிப்பட்ட பின்னரே 'இரு' என்னும் சொல்லைச் சேர்க்க. முதலில் வீட்டின் உள்ளே, அடுத்து வளவிலே, இறுதியில் வீதியோரத்திலே பயிற்றுக. ஒரு முறைக்கு ஐந்து நிமிடம் போதும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை செய்தல் நன்று. சலிப்படையுமுன் நிறுத்துதல் நல்லாசிரியர்க்கும் உரிய இலக்கணமன்றோ?

இளமையிற் பழக்குதல்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்னும் முதுமொழி நாய்க்கும் பொருந்தும். ஆயின் நாயின் 'ஐந்து' ஆண்டுகளால் அன்றி வாரங்களால் அளக்கப்படுவது. அமெரிக்காவிலே பிரீட்மன் முதலிய மூவர் 1961இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாய்க்குட்டிகள் மனிதத் தொடர்பின்றி வேலியிட்ட நிலமொன்றில் வளர்க்கப்பட்டன. இரண்டாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரையிலான வெவ்வேறு வயதுகளில் சில குட்டிகள் ஒரு வாரத்துக்கு மனிதருடன் பழகவிடப்பட்டன. பதினான்காம் வாரம் வரை மனிதரை அணுகாதிருந்த குட்டிகளோ காட்டு விலங்குகள் போலாயின. பின்னர் அவற்றைப் பழக்குதல் மிக அரிதாயிற்று. ஸ்கொட், புல்லர் என்னும் இருவர் 1965இல் வெளியிட்ட பெருநூலும் ஏறக்குறைய மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாய் உறவு பழகும் பருவம் என்று காட்டிற்று.

ஆதலின் அப்பருவத்திலே குட்டிக்குச் சிறுவரையும் முதியோரையும், குடை பிடித்தோரையும் துவிச்சக்கர வண்டியில் வருவோரையும் அச்சமின்றிக் காணும் வாய்ப்பை அளித்தல் வேண்டும். தடுப்பூசியின் காலத்தை மிருக வைத்தியரிடம் கேட்டறிந்து, நோயுள்ள நாய்களை அணுகவிடாது இதனைச் செய்க. காவல் நாய் ஆகட்டும் என்று குட்டிப் பருவத்திலேயே கொல்லையிற் கட்டிவைப்போர், காவலை அன்று, அச்சத்தையே வளர்க்கின்றனர். அஞ்சிய நாய் கள்வனையும் கடிக்கும். கடிதம் கொணர்பவரையும் கடிக்கும். அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும்.

தண்டனை பற்றிய ஆராய்ச்சி

'அடியாத மாடு படியாது' என்பார் இவற்றை ஏற்கத் தயங்குவர். மேனாட்டிலும் நெடுங்காலம் அக்கொள்கையே நிலவிற்று. ஜேர்மானியப் படைத்துறையைச் சார்ந்த கொன்றாட் மோஸ்ட் 1910இல் எழுதிய நூல், கழுத்துப் பட்டியை வெட்டியிழுத்தலையும் அடித்தலையும் பயிற்சியின் உறுப்புக்களாகக் கொண்டது. சுவிட்சர்லாந்து அறிஞர் சென்கல், கூட்டில் அடைபட்ட ஓநாய்களை ஆராய்ந்து 1947இல் எழுதியது, ஓநாய்க் கூட்டத்தில் வலியது மற்றவற்றை அடக்கித் தலைமை கொள்ளும் என்னும் கருத்தைத் தந்தது. நாயும் ஓநாயின் வழித்தோன்றலாதலின், அதனை அடக்கித் தலைவனாக விளங்குதலே மனிதன் கடன் எனப் பலர் துணிந்தனர். ஆனால் அக்கருத்தைத் தம் 1970ஆம் ஆண்டு நூலாற் பரப்பியவருள் ஒருவரான டேவிட் மெக் என்பாரே, இயற்கையில் வாழும் ஓநாய்களைப் பல்லாண்டு நோக்கியபின், ஓநாய்க் கூட்டம் தாய் தந்தையரும் மக்களும் கொண்ட குடும்பமே என 1999இல் எழுதினார். அடித்தளம் சரிந்தபின் அதன்மேற் கட்டிய பயிற்சி முறை நிலைபெறுமா?

போர்த்துக்கல் ஆராய்ச்சியாளர் 92 வளர்ப்பு நாய்களை நோக்கி 2020இல் வெளியிட்ட ஆய்வு, வன்முறையாற் பழக்கப்பட்டவை பயிற்சியின்போது மிகுந்த உள நெருக்கடிக் குறிகளைக் காட்டினவெனவும், பயிற்சிக்குப் பின்னரும் சோர்வுடைய நோக்குக் கொண்டிருந்தனவெனவும் காட்டிற்று. விலங்கு நடத்தை பற்றிய அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2021இல், எல்லாப் பயிற்சிக்கும் பரிசு முறையையே கைக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது.

தண்டனை பயனற்றதாவதற்குக் காரணம் நாயின் பார்வையில் நின்று நோக்குவார்க்கு எளிதிற் புலப்படும். அழைத்தும் வாராது சுற்றித் திரிந்த நாய் ஈற்றில் வந்து சேர்ந்தவுடன் அடிபடுகின்றது. அது கற்றது யாது? 'அழைப்புக்கு இணங்கி வந்தால் அடி கிடைக்கும்' என்பதே. வீட்டினுள் அசுத்தஞ் செய்த நாயின் மூக்கை ஒரு நாழிகை கழித்து அதிலே தேய்ப்பதும் இத்தகையதே. துயிலெழுந்தவுடனும் உண்டவுடனும் விளையாடியவுடனும் குட்டியை வெளியே கொண்டுசென்று, உரிய இடத்திற் கழித்தவுடன் பாராட்டுதலே தக்க வழி. 'குற்றஞ் செய்ததை அது அறியும். முகத்தைப் பாருங்கள்' என்பர் சிலர். அலெக்சாண்ட்ரா ஹொரோவிற்ஸ் 2009இல் நடத்திய சோதனை, குற்றமே செய்யாத நாயும், உரியவர் கடிந்தபோது அம்முகத்தையே காட்டிற்று என நிறுவியது. அம்முகம் அச்சத்தின் குறி. குற்றவுணர்வின் குறி அன்று.

மற்றொன்றும் உண்டு. உறுமுதல் நாயின் எச்சரிக்கை. உண்ணும்போது அணுகினால் உறுமுகின்றது என அதனை அடித்தால், உறுமுதல் ஒழியும், அச்சமோ ஒழியாது. அடுத்த முறை எச்சரியாமலே கடித்துவிடும். பாத்திரத்தைப் பறியாது, தொலைவில் நின்று அதனினும் சுவையான துண்டொன்றை எறிந்து, நாளடைவில் அணுகிவந்தால், மனிதன் வருகை நன்மையின் வருகை என்பதை அது கற்கும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டியீன்ற நாயையும் அணுகாதிருக்கச் சிறுவர்க்குக் கற்பித்தல் நம் கடன்.

இயல்பின் எல்லை

பயிற்சியால் எதனையும் ஆக்கலாம் என்பதும் மிகையே. ஸ்கின்னரின் மாணவராகிய பிரலண்ட் தம்பதியர், பயிற்றிய விலங்குகள் காலப்போக்கில் தம் இயல்பூக்கத்துக்கே மீண்டு செல்லுதலை 1961இல் எடுத்துரைத்தனர். வளைதோண்டி எலி பிடிக்கவென வளர்த்தெடுத்த இனம் நிலத்தைத் தோண்டவே செய்யும். அதற்கென ஓரிடம் ஒதுக்குதலே அறிவுடைமை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது மெய்யே. வாலின் வளைவு பிறப்போடு வந்தது. தாவுதலும் ஓயாது குரைத்தலும் அஞ்சிக் கடித்தலும் பெரும்பாலும் பழக்கத்தோடு வந்தன. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையே அப்பழமொழியைத் தவறாக வழங்குதற்குக் காரணம்.

சாதுவான நாயொன்று திடீரெனச் சினங்கொள்ளுமாயின் முதலில் நோயையே ஐயுறுதல் வேண்டும். காதுவலியும் மூட்டுவலியும் இதற்குக் காரணமாகலாம், விசர்நோயும் ஆகலாம். கடியுண்டவர் புண்ணைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.

பழக்கிய நாய் எத்துணை உயரக்கூடும் என்பதற்கு வழிகாட்டி நாய்களே சான்று. முதலாம் உலகப் போரில் விழியிழந்த வீரர்க்கென 1916இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரிலே இவற்றுக்கான பள்ளி தொடங்கிற்று. 'முன் செல்' என உரியவர் ஏவினும், எதிரே வண்டி வருமாயின் அந்நாய் நகராது நிற்கும். ஏவலை மறுத்து உயிரைக் காக்கும் அத்துணிவையும் பயிற்சியே அதற்கு அளிக்கின்றது. இன்று அத்தகைய பள்ளிகள் பலவும் பரிசு முறையையே முதன்மையாகக் கொண்டுள்ளன.

வகுப்பறையில் நிற்பார்க்கு இவையெல்லாம் நாயைப் பற்றிய செய்தி மாத்திரமாகத் தோன்றா. மாணவன் நாயல்லன், அவனுக்கு மொழியுண்டு, காரணம் கேட்கும் அறிவுண்டு. ஆயினும் பேச்சற்ற விலங்குக்கே பிரம்பு கற்பிப்பது அச்சம் ஒன்றையே எனின், பேசவும் சிந்திக்கவும் வல்ல பிள்ளைக்கு அது வேறு எதனைக் கற்பிக்கும்? பொறுமையும் ஒழுங்கும் காலமறிந்த பாராட்டும் வேண்டப்படுவது பழக்கப்படுவோரிடத்தில் அன்று, பழக்குவோரிடத்திலேயாம். வளவில் நிற்கும் நாயின் சங்கிலியை இன்று மாலை அவிழ்த்து, ஐந்து நிமிடம் அதனோடு செலவிடுவார் இவ்வுண்மையைத் தம் கண்ணாலேயே காண்பர்.