ஆரவாரம் அடங்கிய துறைமுகம்

விடுமுறைக்குத் தீவு ஒன்றை நாடுவோர் பெரும்பாலும் கடற்கரையின் அழகையே முதலில் கேட்டறிகின்றனர். ஆனால் கடலில் நீராடி முடித்தபின் மாலைப் பொழுதை எங்கே கழிப்பது? பழைமையான துறைமுக நகரம் உடைய தீவாயின் அக்கேள்விக்கு இடமில்லை. குசராத்தின் சௌராட்டிரக் கரையை ஒட்டியுள்ள டையூ அத்தகைய தீவு. ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இச்சிறு தீவினைப் பாலங்கள் நிலப்பகுதியோடு இணைக்கின்றன.

இன்று அமைதியாகக் காணப்படும் இவ்வூருக்காகப் பேரரசுகள் போரிட்டன. செங்கடல், பாரசீக வளைகுடா ஆகியவற்றிலிருந்து வந்த வணிகக் கப்பல்கள் இங்கு நங்கூரமிட்டமையே அதற்குக் காரணம். 1509ஆம் ஆண்டில் எகிப்து, குசராத்து, கள்ளிக்கோட்டை ஆகியவற்றின் கூட்டுக் கடற்படையைப் போர்ச்சுகீசியர் இக்கடலில் வென்றனர். எனினும் நகரம் அவர்கள் கைக்கு வரவில்லை. 1535இல், முகலாயப் படையெடுப்பால் தளர்ந்திருந்த சுல்தான் பகதூர் ஷா, துணை வேண்டி அவர்களுக்குக் கோட்டை கட்ட இசைவளித்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதையாயிற்று! 1537இல் அவர்களுடன் நேர்ந்த பூசலிலேயே சுல்தான் கடலில் மாண்டார். 1961 டிசம்பர் 19 அன்று இந்தியப் படை மீட்கும் வரை டையூ போர்ச்சுகீசியரிடமே இருந்தது.

கோட்டையின் மூன்று புறமும் கடல். எஞ்சிய புறத்தில் அகழி. மதில்மேல் பழைய பீரங்கிகள் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன. எதிரே நீர் நடுவில் நிற்கும் பானிகோட்டா என்னும் சிறு கோட்டை, தொலைவிலிருந்து நோக்குவார்க்குக் கல்லாலான கப்பல்போல் தோன்றும்.

நாகோவா கடற்கரையில் விடுமுறை நாள்களில் கூட்டம் மிகும். அமைதி விரும்புவோர் பழைய நகரில் தங்குவதே நன்று. பனைக்குக் கிளையில்லை என்று எண்ணும் தமிழ்ச் சிறுவர்க்கு, இத்தீவில் கிளைவிட்டு நிற்கும் ஹோகா பனைகள் வியப்பளிக்கும்.

இவ்வமைதி தானே வந்ததன்று. வணிகம் சூரத்துக்கும் பின்னர் மும்பைக்கும் பெயர்ந்தது; துறைமுகம் ஓய்ந்தது. தீவினர் பலர் பிழைப்புத் தேடி மொசாம்பிக்கிற்கும் போர்ச்சுகலுக்கும் கப்பலேறினர். பயணியர் விரும்பி நடக்கும் அமைதியான தெருக்களில், அயல்நாட்டில் வாழ்வோரின் பூட்டிய வீடுகளும் உள்ளன. வீட்டில் குசராத்தி பேசும் முதியோருள் சிலர் போர்ச்சுகீசிய மொழியையும் இன்னும் மறக்கவில்லை.